ஜெஸ்ஸி ஜேம்ஸின் துப்பாக்கி விலைக்கு வந்தால்? வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்தவை முழுக்க அமெரிக்க மேற்கின் பழைய ரிவால்வர்களைப் பற்றிய கேள்விகள். நான் கனெக்டிகட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கைத்துப்பாக்கிகளைச் சேர்க்கிறேன். இரும்போடு பழகிய அந்தக் கையோடுதான் பதில் சொல்கிறேன்.

டெக்ஸஸில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் கோல்ட் (Colt) நிறுவனத்து ரிவால்வர் ஒன்று வந்திருக்கிறது. பழைய கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸ் வைத்திருந்தது என்கிறார்கள். நோட்டரி முத்திரையோடு ஒரு கடிதமும் தருகிறார்கள். விலை 9,000 டாலர். வாங்கலாமா?
— ஒரு வாசகர், டாலஸ்

துப்பாக்கிக்கு என்ன விலை பெறுமோ அதை மட்டும் கொடுங்கள். கதைக்கு ஒரு டாலர்கூடத் தர வேண்டாம். கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான் என்பதற்குத்தான் நோட்டரி சாட்சி. அவர் எழுதியது உண்மையா என்பது நோட்டரியின் வேலையே இல்லை.

ஜெஸ்ஸி ஜேம்ஸ் 1882 ஏப்ரலில் மிசூரி மாநிலத்து செயின்ட் ஜோசஃபில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு அவருடைய தாயார் ஸெரெல்டா, பண்ணை வீட்டைப் பார்க்க வந்தவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டினார். மகனின் கல்லறை மேல் கிடந்த கூழாங்கற்களைக்கூட விற்றார். பழைய துருப்பிடித்த துப்பாக்கிகளை வாங்கி வைத்து, இது என் மகன் வைத்திருந்தது என்று விற்றதாகவும் சொல்வார்கள். டாட்ஜ் சிட்டியில் காவல் அதிகாரியாகப் பேர்போன பேட் மாஸ்டர்சன் பற்றியும் இதே மாதிரி ஒரு பேச்சு உண்டு. அவர் பிற்காலத்தில் நியூ யார்க்கில் விளையாட்டுச் செய்தி எழுதிப் பிழைத்தார். அப்போது நினைவுப் பொருள் கேட்டு நச்சரித்தவர்களுக்கு, அடகுக்கடைக் கோல்ட்டில், சுட்டுக் கொன்றவர்களின் கணக்கு என்று கோடு கீறிக் கொடுத்தாராம். ஆக, தாயாரே கொடுத்தார், மாஸ்டர்சனே கொடுத்தார் என்று பழைய கடிதம் ஒன்று இருந்தாலும் அது எதையும் நிரூபிக்காது.

அதே மாஸ்டர்சனைப் பற்றி ஆதாரம் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறேன். 1885 ஜூலை 24 அன்று, ஆப்பரா ஹவுஸ் சலூனின் தாளில், ஹார்ட்ஃபோர்டு கோல்ட் தொழிற்சாலைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். 45 காலிபர் (குழல் துளையின் அளவு), நிக்கல் முலாம், டிரிகர் லேசாக இருக்க வேண்டும், முன் குறிமுள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எனக்கு இந்தக் கடிதத்தின் மேல் தனி ஆசை. சினிமா மனிதன் யாரும் குறிமுள்ளின் தடிமனைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தொழில் தெரிந்தவர்தான் படுவார்.

இன்னொன்று, ஷெரிஃப் பேட் கேரட்டின் கோல்ட். 1881 ஜூலை 14 இரவு நியூ மெக்ஸிகோவின் ஃபோர்ட் சம்னரில் பில்லி த கிட் என்ற தேடப்பட்ட குற்றவாளி இறந்தது இதன் குண்டால்தான். 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஏலத்தில் இது 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. காரணம், சீரியல் எண்ணோடு கைமாறிய வரலாறும் எழுத்தில் இருந்தது. சீரியல் எண் இல்லாத கதை வெறும் கதைதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சீரியல் எண்ணை எழுதிக்கொண்டு கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் பணம் கட்டிக் கடிதம் கேளுங்கள். எந்தக் காலிபர், குழல் எத்தனை அங்குலம், நீலப் பூச்சா நிக்கல் முலாமா, எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினார்கள் என்று பழைய பேரேட்டைப் பார்த்து எழுதித் தருவார்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு மொத்த வியாபாரியின் பெயர்தான் வரும், ஏமாற்றமடைய வேண்டாம். ஆனால் 1883இல் தொழிற்சாலையை விட்டுப் போனது என்று வந்தால், 1882இல் செத்தவர் கையில் அது இருந்திருக்க முடியாது. அந்த ஒரு தேதியிலேயே 9,000 டாலர் கதை முடிந்துவிடும்.

அமெரிக்க ராணுவத்தின் 'யுஎஸ்' முத்திரை உள்ள கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் மாடல் ரிவால்வர் பார்த்தேன். குழல் ஐந்தரை அங்குலம். ஆனால் சட்டகத்தில் ஒரு எண், பிடியில் வேறு எண், டிரிகர் காப்பில் இன்னொன்று. ஒட்டுப்போட்டதை வாங்க வேண்டாம் என்கிறான் நண்பன்.
— ஒரு வாசகர், சியாட்டில்

நண்பரின் எச்சரிக்கை மற்ற துப்பாக்கிகளுக்குச் சரி. இதற்குப் பொருந்தாது. 1873இல் ராணுவம் இந்த ரிவால்வரை ஏற்றுக்கொண்டபோது குதிரைப்படைக்குக் கொடுத்த குழல் ஏழரை அங்குலம். 1892இல் 38 காலிபருக்கு மாறி இவற்றைக் கிடங்கில் போட்டார்கள். 1890களின் நடுவில் திரும்ப எடுத்து, குழலை ஐந்தரை அங்குலத்துக்கு வெட்டிப் பழுது பார்த்தார்கள். நூற்றுக்கணக்கில் கழற்றித் திரும்பப் பூட்டும்போது எண் பார்த்துச் சேர்க்க யாருக்கு நேரம்? கலந்துவிட்டது. 38 காலிபர் தோட்டாவுக்கு வலு போதவில்லை என்று பிலிப்பைன்ஸ் போரில் இவை மறுபடியும் படைவீரர்கள் கைக்குப் போயின. சேகரிப்பவர்கள் இதை 'ஆர்ட்டிலரி மாடல்' என்பார்கள். இந்த வகையில் எண்கள் கலந்திருப்பது குறையே அல்ல. எல்லா எண்ணும் பொருந்தி வந்தால்தான் இரண்டு முறை பார்க்கத் தோன்றும்.

முத்திரையைப் பார்க்கும்போது லூப் (சின்னப் பூதக்கண்ணாடி) ஒன்று கையில் இருக்கட்டும். ஆர்வில் எய்ன்ஸ்வொர்த் என்ற ராணுவப் பரிசோதகர் முதல் ஆண்டுகளில் தேர்வு செய்தவற்றில் 'ஓ டபிள்யூ ஏ' என்ற முதலெழுத்துகள் இருக்கும். 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் போரில் பழங்குடியினரிடம் தோற்ற ராணுவ அதிகாரி கஸ்டரின் ஏழாவது குதிரைப்படை வைத்திருந்தவை இந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்பதால் விலை எக்கச்சக்கம். அதனால் போலியும் எக்கச்சக்கம். இரும்பில் துருக் குழிகள் எப்படிப் போகின்றன என்று கவனியுங்கள். முத்திரை முதலில் விழுந்து துரு பிறகு வந்திருந்தால், குழி எழுத்தின் ஓரத்தையும் அடியையும் சேர்த்தே தின்றிருக்கும். குழி இருந்த இடத்தில் எழுத்து கூர்மையாக வெட்டிக்கொண்டு போனால், துருப்பிடித்த பிறகு யாரோ குத்தியிருக்கிறார்கள். விற்பவர் என்ன சொன்னாலும் துரு பொய் சொல்லாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமானபோது அவருடைய மனைவி எனக்கு ஒரு பழைய கோல்ட் நேவி ரிவால்வர் கொடுத்தார். பழுப்பேறிக் கிடக்கிறது. பாலிஷ் போட்டுப் பளபளவென்று சுவரில் மாட்ட ஆசை. எதால் துடைக்கலாம்?
— ஒரு வாசகி, ஒஹாயோ

அம்மா, துணியைக் கீழே வையுங்கள். முதலில் வேறொரு வேலை இருக்கிறது. அதில் வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இது கேலிக்குச் சொல்வதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்து ரிவால்வர்கள் இன்றும் அறைகளில் கருமருந்தும் ஈயக் குண்டுமாக வீடுகளில் கிடைக்கின்றன. காய்ந்த கருமருந்து 150 வருடம் ஆனாலும் சாகாது. 2008இல் வர்ஜீனியாவில் அந்தப் போர் காலத்துப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு சேகரிப்பாளர் அது வெடித்து இறந்தார். அதனால் ஹாமரை இழுத்துப் பார்க்க வேண்டாம். சிலிண்டரின் பின்பக்கம் இருக்கும் சின்னக் குமிழ்களில் செம்பு மூடி மாட்டியிருக்கிறதா, முன்பக்க அறைகள் எதிலாவது சாம்பல் நிறத்தில் ஈயம் தெரிகிறதா என்று டார்ச் வெளிச்சத்தில், குழலின் வழியில் நிற்காமல், பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிட்டு, பழைய துப்பாக்கி தெரிந்த ஒரு கன்ஸ்மித்துக்கு போன் செய்யுங்கள். துரப்பணம் போட்டு எடுக்க எவரையும் விடாதீர்கள்.

அறைகள் காலி என்று உறுதியானதும் சிலிண்டரைச் சாய்வான வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்புங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் கப்பல்கள் தெரியும். பாய்மரம், புகை, அலை எல்லாம் இருக்கும். 1843 மே 16 அன்று கம்பேச்சே கடலில், அப்போது தனி நாடாக இருந்த டெக்ஸஸின் கடற்படை மெக்ஸிகோ கப்பல்களோடு மோதிய காட்சி அது, தேதியும் அதிலேயே பொறித்திருக்கும். டெக்ஸஸ் கடற்படை சாமுவேல் கோல்ட்டின் முதல் ரிவால்வர்களை வாங்கிய வாடிக்கையாளர். அந்த நன்றிக்காக வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞரிடம் இந்தப் படத்தைக் கேட்டு வாங்கினார் கோல்ட். ஒவ்வொரு சிலிண்டரிலும் கையால் செதுக்கவில்லை, எஃகு உருளை அச்சால் அழுத்தி உருட்டினார்கள். அதனால் கோடுகள் ஆழமே இல்லை. உறையில் உரசியே பாதி போயிருக்கும். மீதியைப் பாலிஷ் அரை மணி நேரத்தில் தின்றுவிடும். ஒரு தடவை போனால் போனதுதான்.

அந்தப் பழுப்பும் துப்பாக்கியின் வயசு. சேகரிப்பவர் காசு கொடுப்பதே அதற்குத்தான். நல்ல எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் துடையுங்கள். மேலே எழும்பிய சிவப்புத் துரு இருந்தால் மட்டும் எண்ணெயில் ஊறவைத்து மரக்குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். எஃகு நார் வேண்டாம், எந்திர பிரஷ் வேண்டவே வேண்டாம். கடைசியில் அருங்காட்சியகங்களில் பூசும் மெழுகை மெல்லியதாகத் தடவினால் போதும். நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: அம்மோனியா கலந்த துப்பாக்கிச் சுத்திகரிப்புத் திரவம் முலாமுக்கு அடியில் இருக்கும் செம்பைக் கரைத்து, முலாமையே உரித்துவிடும்.

சுவரில் மாட்டுவதா? பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் மாட்டுங்கள்.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். 1898க்கு முந்தைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை என்கிறார்களே, நான் வாங்கலாமா?
— ஒரு வாசகர், நார்த் கரோலைனா

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது 'பழம்பொருள்'. கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே இல்லை. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் சில விலக்குகள் தவிர துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்ற விதியும் அதே கூட்டாட்சிச் சட்டத்தில்தான் இருக்கிறது. பழம்பொருள் அந்த விதிக்குள் வராது. ஆனால் மூன்று விஷயம் கவனியுங்கள்.

மாடல் எந்த வருடம் என்பது கணக்கில்லை, உங்கள் கையில் இருக்கும் அந்தத் துப்பாக்கி எந்த வருடம் செய்தது என்பதுதான் கணக்கு. கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் 1873இல் தொடங்கி முதல் கட்டமாக 1940 வரை ஓடியது. சட்டகத்தில் 1870களின் காப்புரிமைத் தேதிகளைப் பார்த்து ஏமாந்து 1910இல் செய்ததை வாங்கினால், அது சாதாரணத் துப்பாக்கி, உங்களுக்குக் குற்றம். அடுத்தது மாநிலச் சட்டம். தோட்டா இன்னும் கடையில் கிடைக்கும் பழைய துப்பாக்கியை, எத்தனை வயசானாலும் புதுக் கைத்துப்பாக்கி மாதிரியே நடத்தும் மாநிலங்கள் உண்டு. மூன்றாவது, தோட்டாவுக்கு எந்தச் சலுகையும் இல்லை. அலமாரியில் அழகுக்கு வைக்கக்கூட வாங்காதீர்கள். விசாவைப் பணயம் வைத்துச் செய்யும் பொழுதுபோக்கு எதுவும் இல்லை. வாங்கும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோல்ட் என்றாலே ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது 400 டாலர். இந்தப் பொழுதுபோக்கை மறந்துவிட வேண்டியதுதானா?
— ஒரு வாசகி, மிச்சிகன்

மறக்கவே கூடாது. எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

ரோலின் வைட் என்பவர் 1855 ஏப்ரல் 3 அன்று ஒரு காப்புரிமை பெற்றார். சிலிண்டரில் அறைகளை முன்னிருந்து பின்வரை துளைத்துவிட்டால் பின்பக்கமாகத் தோட்டாவைப் போடலாம் என்ற யோசனை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதை வாங்கிக்கொண்டு, துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் அவருக்குத் தர ஒப்புக்கொண்டது. ஆனால் யாராவது காப்பியடித்தால் வழக்கு நடத்தும் செலவு வைட்டினுடையது என்றும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். காப்பியடிக்காதவர் யார்? மனிதர் வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் பணத்தைக் கொட்டினார். 1869இல் காப்புரிமை காலாவதியானது. அவருக்கு நிவாரணம் தர காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி கிராண்ட் 1870இல் நிராகரித்தார். அந்தக் காப்புரிமை போரின்போது அரசுக்கு இடைஞ்சலாக இருந்தது என்பது ராணுவத்தின் வாதம். அநியாயம் என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது.

1869க்குப் பிறகு அணை உடைந்த மாதிரி ஆனது. நியூ இங்கிலாந்து முழுக்கச் சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் 22, 32 காலிபரில் பாக்கெட் ரிவால்வர்களை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. டிரிகருக்குக் காப்பு வளையம் இருக்காது, வெறும் முளை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றைச் சேகரிப்பவர்கள் 'சூயிசைட் ஸ்பெஷல்' என்பார்கள். ரெட் ஜாக்கெட், ஸ்வாம்ப் ஏஞ்சல், டிராம்ப்ஸ் டெரர் என்றெல்லாம் மேலே பெயர் பொறித்திருக்கும். 100 முதல் 300 டாலருக்குள் நல்லதாகவே கிடைக்கும். மேற்கே போன கடைக்காரரும் ரயில் பயணியும் தந்தி ஆபீஸ் குமாஸ்தாவும் கோட்டுப் பையில் வைத்திருந்தது பெரும்பாலும் இந்த மாதிரிதான். கோல்ட்டின் விலை அன்றைக்கே அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அந்த வாழ்க்கையை உண்மையாகக் காட்டுவது இந்தச் சின்ன நிக்கல் துப்பாக்கி என்பது என் கட்சி.

உங்களுடைய 400 டாலருக்கு நான் சொல்வது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் முதலாம் எண் மாடல். 1857இல் வந்தது, 22 காலிபர், ஏழு தோட்டா. தேய்ந்த ஒன்று உங்கள் பட்ஜெட்டில் அகப்படும். குழல் மேல்நோக்கி மடங்கித் திறக்கும், சிலிண்டர் கையோடு வந்துவிடும். என்னிடம் இருப்பதைக் கையில் எடுத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சிலிண்டரைச் சுற்றி மணல் துகள் அளவு எழுத்தில் 1855 ஏப்ரல் 3 என்று இருக்கும். வைட்டின் தேதி அது.

இணைய ஏலத்தில் 'பழைய கோல்ட் நேவி' என்று போடுகிறார்கள். இத்தாலிய நகலா அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகர், கலிஃபோர்னியா

இத்தாலியில் பிரெஷியா பக்கம் ட்ரோம்பியா பள்ளத்தாக்கின் கார்டோனே ஊரில் 1950களின் இறுதியிலிருந்து நகல்கள் செய்கிறார்கள். மோசமான பொருள் அல்ல, சுடுவதற்கு நன்றாகவே இருக்கும். அசல் என்று விற்பதுதான் தப்பு. இத்தாலியச் சோதனை முத்திரைகள் சட்டகத்திலோ குழலிலோ நட்சத்திரத்தோடு இருக்கும். செய்த வருடத்துக்கான எழுத்தும் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும். மோசடிக்காரர்கள் அவற்றை அரமிட்டு எடுத்துவிட்டு அமிலம் போட்டுத் துருவேற்றுவார்கள். அதனால் திணிப்புத் தண்டின் கீழேயும் அதன் பள்ளத்திலும் படம் கேளுங்கள், அரம் அங்கே சரியாக எட்டாது. அசலில் அதே எண் குழல், சட்டகம், டிரிகர் காப்பு, பிடியின் அடிப்பட்டை நான்கிலும் இருக்கும், குழலைப் பிடித்திருக்கும் ஆப்பில்கூட இருக்கும். படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

யானைத் தந்தப் பிடி போட்ட ரிவால்வர் வாங்கலாமா?
— ஒரு வாசகர், நியூ ஜெர்சி

வேண்டாம். 2016 ஜூலையிலிருந்து ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்குக் கூட்டாட்சித் தடை இருக்கிறது. நூறு வருடம் தாண்டியது என்று ஆவணத்தோடு நிரூபித்தால் விலக்கு உண்டு. ஆனால் உங்கள் மாநிலம் தனியாகவே கடுமையான தந்தத் தடை போட்டிருக்கிறது. வால்நட் மரப் பிடி போட்டதாகப் பாருங்கள், தேய்ந்த வால்நட்டுக்கு இணையான அழகு கிடையாது.

என் மகள் கேட்கிறாள்: "இதால் எத்தனை பேரைக் கொன்றிருப்பார்கள், இதை ஏன் அலமாரியில் வைக்கிறீர்கள் அப்பா?" என்ன சொல்வது?
— ஒரு வாசகர், கொலராடோ

மகள் கேட்டது சரியான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

1847இல் கோல்ட், கேப்டன் சாமுவேல் வாக்கரின் யோசனைப்படி செய்த ரிவால்வர் ஒன்று உண்டு. எடை 2 கிலோவுக்கு மேல், மொத்தம் செய்தது ஏறக்குறைய 1,100. நல்ல நிலையில் ஒன்று 2018இல் 18 லட்சம் டாலர் தாண்டி விற்றது. அதன் சிலிண்டரிலும் ஒரு படம் உண்டு: 1844இல் டெக்ஸஸ் ரேஞ்சர்கள் என்ற காவல் படையினர் கமான்ச்சி பழங்குடி வீரர்களைக் குதிரையில் விரட்டிச் சுடும் காட்சி. அதுவரை ஒரு குண்டு சுட்டுவிட்டுத் திரும்ப மருந்து நிரப்புவதற்குள் கமான்ச்சி வீரன் பல அம்புகளை எய்துவிடுவான். மண்ணைக் காத்துக்கொள்ள அவனுக்கு இருந்த சாதகம் அது. அதைப் பறித்தது இந்த இயந்திரம். விளம்பரமாகவே அதைப் பொறித்து விற்றார்கள். லிட்டில் பிக்ஹார்னில் லகோட்டாக்களும் ஷையன்களும் வென்றார்கள், சில ஆண்டுகளுக்குள் அவர்களையும் ஒதுக்கிடங்களில் அடைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் சேர்க்கிறேன். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு அட்டை எழுதி வைத்திருக்கிறேன். அதில் செய்தவரின் பெயரோடு, அது யாருக்கு எதிராகப் போனது என்பதையும் எழுதுவேன். பொருளை உருக்கிவிட்டால் நடந்ததும் மறந்துபோகும். வீரம், சாகசம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வைத்திருப்பவரோடு எனக்கு ஒட்டாது. உங்கள் மகளையே அந்த அட்டையை எழுதச் சொல்லுங்கள். அலமாரிச் சாவி உங்களிடம் இருக்கட்டும்.

1880களின் கோல்ட் என்னிடம் இருக்கிறது. இந்தக் காலத்துத் தோட்டா போட்டு ஒரே ஒரு முறை சுட்டுப் பார்க்கலாமா?
— ஒரு வாசகர், அரிசோனா

கூடாது. அந்த இரும்பும் அதன் சிலிண்டர் சுவரும் கருமருந்தின் அழுத்தத்துக்குச் செய்தவை. இந்தக் காலத்துத் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தில் சிலிண்டர் பிளந்தால் விரலோ கண்ணோ போகும், மிச்சம் இருந்தால் துப்பாக்கியும் போகும். சுடும் ஆசைக்கு இத்தாலிய நகல் ஒன்று வாங்குங்கள். அதிலும் பழைய வழக்கப்படி ஐந்து தோட்டா மட்டும் போட்டு, காலி அறையின் மேல் ஹாமரை இறக்கி வையுங்கள். அப்படி வைக்காவிட்டால் கை தவறிக் கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடிய அமைப்பு அது.

வாங்கும் எண்ணம் இல்லை, பார்த்தால் போதும். கிழக்குக் கரையில் எங்கே போகலாம்?
— ஒரு வாசகி, பாஸ்டன்

ஹார்ட்ஃபோர்டுக்கு வாருங்கள். நெடுஞ்சாலையிலிருந்தே தங்க நட்சத்திரம் பதித்த நீலக் கும்பம் தெரியும், அதுதான் கோல்ட் தொழிற்சாலை. 1864இல் தீயில் எரிந்து, கோல்ட்டின் மனைவி எலிசபெத் திரும்பக் கட்டியது. நிறுவனத்தின் சொந்தச் சேகரிப்பு மாநில நூலகக் கட்டிடத்தில் உள்ள கனெக்டிகட் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலிசபெத் விட்டுச்சென்ற குடும்பச் சேகரிப்பு வாட்ஸ்வொர்த் அதீனியத்தில். அங்கிருந்து வடக்கே காரில் அரை மணி நேரத்தில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு ராணுவ ஆயுதசாலை. மேற்கே போகும் வாய்ப்பு வந்தால் வயோமிங்கின் கோடி நகரத்து அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். எங்கே போவதாக இருந்தாலும் கிளம்பும் முன் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், சில இடங்கள் வாரத்தில் ஒரு சில நாள் மூடியிருக்கும்.